அச்சகத்திலிருந்து முதல் பிரதி வரும்வரை

மட்டக்களப்பின் படுவான்கரையிலுள்ள கரடியனாற்றில் ஒருவர் புத்தகம் போட்டால் எழுத்தாளரும் அவர்தான், பதிப்பாளரும் அவர்தான், பிரதிகளைச் சுமந்து விற்பவரும் அவர்தான். அச்சகம் மட்டக்களப்பு நகரிலோ கொழும்பிலோ இருக்கும். காசு சம்பளத்திலிருந்தோ வேளாண்மை வெட்டின வருமானத்திலிருந்தோ போயிருக்கும். கடைசிப் புரூப்பைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கும் நாட்களில்தான் செய்ய நிறைய வேலை இருக்கிறது.

செய்ய வேண்டியவை

• எல்லாப் பிரதிகளையும் பைண்டிங் செய்வதற்கு முன், ஒன்றிரண்டை மட்டும் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் 16 பக்கங்கள் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒரு ஃபாரம் விடுபட்டிருந்தாலோ தலைகீழாக மடிந்திருந்தாலோ இந்தக் கட்டத்தில் திருத்திவிடலாம். 500 பிரதியும் கட்டி முடிந்த பிறகு அச்சகத்தாரும் நீங்களும் மனத்தாங்கல் படுவதுதான் மிச்சம்.

• அந்தப் பிரதியில் பக்க எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பின்னட்டையிலுள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன், உள்ளே அச்சான எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு யுனிகோடுக்கு மாற்றிய நூலென்றால் ‘ஸ்ரீ’யையும் கொம்பெழுத்துகளையும் தனியாகத் தேடிப் பாருங்கள், எழுத்து உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

• ஆட்பெயரோ ஊர்ப்பெயரோ பிழைத்திருந்தால் திருத்தத் தாள் அடித்து ஒவ்வொரு பிரதியிலும் வையுங்கள். நம் பகுதிக் குளங்களையும் கோயில்களையும் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. நாளைக்கு இன்னொருவர் உங்கள் பிழையைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்.

• உங்களுக்குக் கதை சொன்ன, பாட்டுப் பாடிக் காட்டிய, சடங்கு விளக்கிய முதியவர்களுக்கு, விழாவுக்குக் காத்திராமல், வந்த அன்றே ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளார் பல ஆண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் மறைந்துவிட்டார். அரங்கேறிய நூலோடு அவர் இருந்தது ஒன்றரை மாதம்தான். அவ்வளவு பெரியவருக்கே காலம் அவ்வளவுதான் கொடுத்தது. பிரதம விருந்தினரின் திகதி கிடைக்கவில்லை என்று, எண்பது வயதுப் பெரியம்மாவை ஏன் காக்க வைக்க வேண்டும்?

• தேசிய சுவடிகள் காப்பகத்துக்குச் சட்டப்படி போக வேண்டிய பிரதிகளை அச்சகம் அனுப்புகிறதா என்று கேட்டு வையுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்துக்கு அனுமதி கொடுப்பதையும் யோசியுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்த சமூகம் நாம். ஒரு நூல் ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பல்ல.

செய்யக்கூடாதவை

• அச்சகம் சொன்ன திகதியை நம்பி அழைப்பிதழ் அடிக்காதீர்கள். அச்சகத்தார் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. தாள் வரவில்லை, மின்சாரம் இல்லை, யந்திரம் பழுது என்று எதுவும் நடக்கலாம். 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. புத்தகம் வீட்டுக்கு வந்த பிறகு மண்டபம் பேசுங்கள்.

• பெரும்போக அறுவடை நேரத்தில் விழா வைக்காதீர்கள். வாசிக்க வேண்டியவர்கள் வயலில் நிற்பார்கள்.

• மாரியில் பார்சல் வந்தால் பெட்டிகளை நிலத்தில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். ஈரம் ஏறிய தாள் பிறகு நேராகாது.

• எல்லாப் பிரதிகளையும் மேடைக்காக ஒதுக்காதீர்கள். முதல் பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வாங்குகிறவர்களால்தான் அச்சுச் செலவு ஓரளவு மீள்கிறது. அந்த வழக்கம் நல்லது, இருக்கட்டும். ஆனால் பதுளை வீதியோரப் பாடசாலை நூலகங்களுக்கென்று ஒரு கட்டை முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். படுவான்கரையைப் பற்றிய புத்தகம் படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.