கட்டுக்குள்ளே நடக்கும் வேலை



பஞ்சு, சல்லாத்துணி, பிளாஸ்திரி என்று மருந்து கட்டும் அறைக்குத் தேவையானவற்றை வாங்க நீங்கள் அனுப்பும் காணிக்கை உதவுகிறது. கட்டுப் போட்டபின் அதனுள்ளே நடப்பது என்ன? இம்முறை அதைச் சற்றுப் படிப்போம்.

1. ஒரு வழவழப்பான பொருள்

1934-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர், மாட்டின் கண்விழிக்குள் இருக்கும் தெளிந்த கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஹயலூரோனிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 'ஹயலோஸ்' என்றால் கிரேக்க மொழியில் கண்ணாடி. அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இது சுடாது, அரிக்காது. இருவகைச் சர்க்கரைப் பொருட்கள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி இது. தன்னைச் சுற்றி ஏராளமான தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கிறது. அதில் சுமார் பாதி தோலில் உள்ளது. மூன்றில் ஒரு பங்கு தினந்தோறும் சிதைந்து, புதிதாக உண்டாகிறது.

2. காயத்தில் அதன் பணி

வீடு கட்டும்போது முதலில் சாரம் கட்டுகிறோம். சுவர் எழும்பியபின் அவிழ்த்துவிடுகிறோம். காயத்திலும் அப்படியே. இரத்தம் உறைந்து நின்றதும், காயத்தில் ஹயலூரோனிக் அமிலம் பெருகுகிறது. அது தண்ணீரை ஏற்று உப்பி, செல்கள் நகர்ந்துவர இடம் கொடுக்கிறது. நீண்ட சங்கிலிகள் உடைந்து சிறு துண்டுகளாகும்போது, அத்துண்டுகளே ஓர் அழைப்பாகின்றன: கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் வருகின்றன, புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. சிவந்த புதுச் சதை எழும்புகிறது. பிறகு இப்பொருள் குறைந்து, உறுதியான கொலாஜன் நார்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. அதுவே தழும்பு. கருவிலிருக்கும் சிசுவுக்கு ஆரம்ப மாதங்களில் ஏற்படும் காயம் தழும்பின்றி ஆறுகிறது. அக்காயத்தில் இந்த அமிலம் அதிக நாட்கள் நிறைந்திருப்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

3. ஆறாத புண் ஏன்?

இவ்வளவு ஏற்பாடு உடலுக்குள் இருந்தும், சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பதேன்? உணர்ச்சி மரத்துப்போன காலில் ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. வலி இல்லாததால் அதே புண்ணின்மேல் தினமும் நடக்கிறார்கள். உடல் கட்டிய சாரத்தை ஒவ்வொரு அடியும் மிதித்து உடைக்கிறது. சர்க்கரை கூடுதலும் இரத்த ஓட்டக் குறைவும் கிருமிகளுக்கு வழிவிடுகின்றன. கவனியாமல் விட்டால் விரலோ காலோ போய்விடும்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடம் இதே உண்மையைக் கண்டார். உணர்ச்சியற்ற பாதத்தின் சதையும் ஆறும் சக்தியுள்ளதே. அதற்கு வேண்டியது ஓய்வு. மாவுக்கட்டுப் போட்டு, மிதிபடாமல் காத்தபோது நாள்பட்ட புண்களும் ஆறின. மீண்டும் புண் வராதபடி மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் துணைசெய்தன.

4. நாம் கற்றுக்கொள்வது

ஹயலூரோனிக் அமிலம் இன்று களிம்பாகவும், ஜெல்லாகவும், கட்டுத்துணியாகவும் கிடைக்கிறது. முன்பு சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள். சில வகைப் புண்களில் இது உதவியிருக்கிறது. ஆனால் அழுகிய சதையை அகற்றாமல், சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல், காலுக்கு ஓய்வு கொடுக்காமல், களிம்பை மட்டும் நம்பினால் பயனில்லை. சுத்தமான கட்டு, தகுந்த செருப்பு, பொறுமையாய் மருந்து கட்டும் ஒரு நர்ஸ் ஆகிய எளிய உதவிகளே, உடல் தன் வேலையைச் செய்ய இடங்கொடுக்கின்றன.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருக்கிறாரா? இன்றிரவு அவர் படுக்குமுன் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிறு கொப்புளமோ கீறலோ கண்டால், வலியில்லை என்று அவர் சொன்னாலும் காத்திராதீர்கள். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.