முதலில் பக்கத் தகட்டைக் கழற்று

பாளையங்கோட்டை

அன்புள்ள நிலா,

உன் குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணமும் தாத்தா கொடுத்ததும் கையில் இருக்கிறது. "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் மாமா, பேரை மட்டும் சொல்லுங்க" என்கிறாய். பேரைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் பேரை மட்டும் கேட்டுப் போய் வாங்கியவர்கள், அதே கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைவாசலில் வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். நீ சேர்த்த பணம் அப்படி ஆகிவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் கம்ப்யூட்டரை 2017-ல் அசெம்பிள் செய்தது நான்தான். ஐ5 7400 பிராசசர், எச்110 போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. அத்தானுக்கு அப்போது கை நெருக்கடி. அதனால் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே, அதாவது பவர் சப்ளையையே, வைத்து ஓட்டிவிட்டோம். 1050 டிஐ தனியாக வயர் கேட்காத கார்டு, தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் போர்டின் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஸ்லாட் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட், அதற்குள் அடங்கிவிடும். அன்றைக்கு அந்த முடிவு சரியானது. இப்போது நீ ஆசைப்படுகிற கார்டுகளுக்கு அந்த எஸ்எம்பிஎஸ் தாங்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய். கம்ப்யூட்டரை அணைத்து, பின்பக்கம் பவர் கேபிளை உருவிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்று. எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கார்டும் பிராசசரும் இழுப்பது 12 வோல்ட்டில். அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கு: 216 வாட். உனக்குக் கணக்கில் வருவது இந்த 216 மட்டும்தான். பிராசசருக்கு 65, போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 45 என்று வை. இதன்மேல் 132 வாட் கார்டு ஒன்றை மாட்டினால் 242. லேபிளில் இருப்பதையே தாண்டிவிட்டது. கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்கள் பல, லேபிளில் போட்டிருப்பதையும் நீண்ட நேரம் கொடுக்காது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் பழைய ஆர்எக்ஸ் 580 ஒன்றை வாங்கி வந்தான். 185 வாட் கார்டு அது. அவனுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான எட்டு முனை வயர் கிடையாது. கடையில் கொடுத்த கன்வெர்ட்டரை ஹார்டு டிஸ்க் வயரில் சொருகியிருந்தான். மூன்றாவது நாள் கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தான். திறந்ததும் எரிந்த பிளாஸ்டிக் வாடை. கன்வெர்ட்டரின் மஞ்சள் வயர் உருகி முனையோடு ஒட்டியிருந்தது. கார்டு பிழைத்தது, போர்டு போய்விட்டது. அவன் அம்மா கூட வந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. கன்வெர்ட்டர் மாட்டச் சொல்லி யாராவது சொன்னால் அந்த முகம்தான் எனக்கு நினைவு வரும். உனக்கு அது வேண்டாம். 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் தருகிற நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்க உன் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கு. ஒன்று கவனி. அதில் பிராசசருக்கான வயரும் எட்டு முனைதான், பார்க்க ஒன்றுபோல இருக்கும். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. மாற்றிச் சொருக வராது, அழுத்திச் சொருகவும் பார்க்காதே.

அடுத்தது, உனக்கு உண்மையிலேயே கார்டுதான் தடையா என்று பார்க்க வேண்டும். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதை நினைத்துக்கொள். பிராசசர் சொல்கிறது, கார்டு எழுதுகிறது. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்டு. அதற்குள் இருவரும் வேலையை முடிக்க வேண்டும். எழுதுபவர் மெதுவாக இருந்தால் ஆளை மாற்றலாம். சொல்பவரே தடுமாறினால், எவ்வளவு வேகமாக எழுதுகிறவரைக் கொண்டு வந்து உட்கார வைத்தாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள். திரையின் மூலையில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டும். விளையாட்டில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ரெசல்யூஷனைக் குறை. படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ரெசல்யூஷனைக் குறைத்தும் எண்ணிக்கை அசையவில்லை, கார்டு 50, 60 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் தடை பிராசசரில் இருக்கிறது. நீ தோழிகளோடு ஆடுகிற வாலரண்டில் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் பார்ப்பாய். புதுக் கார்டு அதில் உனக்குப் பெரிதாக எதுவும் கொடுக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது.

எல்டன் ரிங் ஆட வேண்டும் என்றும் சொன்னாய். அதைச் செய்தவர்கள் குறைந்தபட்சம் வேண்டும் என்று கேட்பது ஐ5 8400, 12 ஜிபி ராம், 1060 கார்டு. மூன்றையும் உன் பெட்டியோடு வைத்துப் பார். கார்டு குறைவு, சரி. ராமும் குறைவு. பிராசசரும் ஒரு படி கீழே, அவர்கள் கேட்பதில் ஆறு கோர், உன்னிடம் நான்கு. கார்டை மட்டும் மாற்றிவிட்டு 8 ஜிபி ராமோடு உட்கார்ந்தால், குதிரையில் புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நிற்கும். அந்தத் திக்கலைப் பார்த்துத்தான் பலர் கார்டில் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஆகவே உன் பட்டியலில் இரண்டாவது பொருள் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக். உன் போர்டில் இரண்டாவது ஸ்லாட் இத்தனை வருஷமாகக் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்பினால் ராம் 16 ஆவது மட்டுமில்லை, இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் பிராசசரோடு பேசும். நான்கு கோர் பிராசசருக்கு அது நல்ல கைத்தாங்கல். ஐ7 7700 அதே போர்டில் உட்காரும், வாங்கலாமா என்று கேட்பாய். நான் வேண்டாம் என்பேன். உன் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, 7700-ம் இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷத்தில் நீ போர்டையும் பிராசசரையும் மாற்றத்தான் போகிறாய். கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அடுத்த பெட்டிக்கு உன்னோடு வரும், 7700 வராது. கூட வருகிற பொருளில் பணத்தைப் போடு.

இனி கார்டு. உன் 1050 டிஐக்கும் வயதாகிவிட்டது. புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை அந்தத் தலைமுறைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அதில் 4 ஜிபி மெமரி. சுவர், சாலை, துணி, முகம் எல்லாவற்றின் படங்களும் தங்குவது அங்கேதான். இடம் போதாதபோது ராமிலிருந்து ஸ்லாட் வழியாக எடுத்து வர வேண்டும், அப்போது சுவர் ஒரு நொடி மங்கி நின்று பிறகு தெளிவாகும். ஜிடிஏ-வில் வேகமாகக் கார் ஓட்டும்போது நீ பார்த்ததாகச் சொன்னாயே, அது இந்த ஜாதிதான். புதிதாக வாங்கும்போது 8 ஜிபிக்குக் கீழே இறங்காதே. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாது என்ற நிலைமைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் ஸ்லாட்டைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். உன் போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை. அதில் 16 பாதை இருக்கிறது, நொடிக்குச் சுமார் 16 ஜிபி போகும். ஆனால் சில புதுக் கார்டுகள் பாதி பாதையையோ, கால் பாதையையோதான் பயன்படுத்தும். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதை. நான்காம் தலைமுறைப் போர்டில் அது சமாளித்துவிடும். உன் போர்டில் நொடிக்குச் சுமார் 4 ஜிபிதான் போகும், கார்டின் மெமரியும் 4 ஜிபிதான். மெமரி நிரம்பி வெளியே போக வேண்டிய நேரத்தில் வழியும் குறுகல். விலை குறைவு என்று பழைய போர்டு வைத்திருப்பவர்கள் கையில்தான் அது அதிகம் போய்ச் சேருகிறது என்பது எனக்கு வருத்தம். இன்டெல்லின் ஆர்க் கார்டுகளும் உனக்கு ஆகாது. அவற்றுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இருக்க வேண்டும். அது இல்லாத பழைய போர்டில் அவற்றின் வேகம் மிகவும் விழுந்துவிடும்.

உன் மானிட்டர் 1920-க்கு 1080. ஒரு படத்தில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளி. அந்த அளவுக்கு ஆர்எக்ஸ் 6600 போதும். 8 ஜிபி மெமரி, 132 வாட், ஒரே ஒரு எட்டு முனை வயர். எட்டுப் பாதைக் கார்டு, உன் போர்டில் கொஞ்சம்தான் இழக்கும். அதே விலைக்கு அருகில் ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி கிடைத்தால் அதை எடு. 170 வாட், 16 பாதையையும் பயன்படுத்தும், படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் வரும். இதற்கு மேலே உள்ள கார்டுகளை இப்போது எட்டிப் பார்க்க வேண்டாம், உன் பிராசசர் அவற்றுக்கு வேலை சொல்லித் தீராது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றப் பணமே இல்லை என்றால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 70 வாட், தனி வயர் வேண்டாம், இன்றைக்கே பழையதைக் கழற்றி மாட்டிவிடலாம்.

ஆனால் 3050 என்ற பேரில் இரண்டு கார்டு இருக்கிறது. 8 ஜிபி கார்டில் 2560 கோர், 6 ஜிபி கார்டில் 2304. மெமரிக்குப் போகும் வழியும் சின்னவனுக்குக் குறுகல். இந்த வியாபாரத்தில் எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 1060-லும் இதே கதை, 3 ஜிபி கார்டில் மெமரி மட்டும் குறையவில்லை, கோரும் 1280-லிருந்து 1152 ஆகக் குறைந்தது. ஜிடி 1030-ல் இன்னும் மோசம். ஒன்றின் மெமரி நொடிக்கு 48 ஜிபி தரும், டிடிஆர்4 போட்டு வந்த இன்னொன்று 16.8 ஜிபி. இரண்டுக்கும் ஒரே எண். ஆர்எக்ஸ் 580-ஐப் பழைய சந்தையில் பார்த்தால் 2048எஸ்பி என்று பக்கத்தில் இருக்கிறதா பார், முழுக் கார்டில் 2304 இருக்கும். பில்லில் முழுப் பேரையும் மெமரி அளவையும் எழுதச் சொல், எழுதாமல் பணம் கொடுக்காதே.

பழைய கார்டு வாங்குவது தப்பில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் நானும் அதைத்தான் முதலில் விசாரிப்பேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தில் மைனிங் நின்றபோது மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்றாலே கூடாது என்பது என் கருத்தில்லை. அதில் தேய்வது பெரும்பாலும் ஃபேனும் தெர்மல் பேடும்தான், அதை நான் மாற்றித் தருவேன். ஓட்டிக் காட்டாமல் விற்பவரிடம் மட்டும் வாங்காதே. யூனிஜின் ஹெவன் என்ற சோதனை மென்பொருளை 20 நிமிஷம் ஓட்டச் சொல். திரையில் நிறப்புள்ளிகள், கோடுகள் வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா, வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார். பிறகு ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டச் சொல். 2010, 2011 காலத்துக் கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான போலிகளை அந்த மென்பொருள் கண்டுபிடித்து, பேருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டுவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேபினெட்டுக்குள் ஸ்லாட் தகட்டிலிருந்து முன்பக்க ஹார்டு டிஸ்க் கூடு வரை டேப் வைத்து அள, கார்டு அதற்குள் அடங்க வேண்டும். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறினால் பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருளால் துடைத்துவிட்டு மாட்டு. மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகு, போர்டில் அல்ல. இதைச் சொல்வதற்காகவே எனக்கு வாரம் ஒரு போன் வருகிறது. உங்கள் வீட்டு யுபிஎஸ் 600 விஏ, அது பொதுவாகத் தருவது 360 வாட். ஆர்எக்ஸ் 6600 கார்டு வரை தாங்கும். கரண்ட் போனதும் விளையாட்டை நிறுத்திவிட்டு அணை, பேட்டரியில் தொடர்ந்து ஆடாதே.

பணத்தை எடுக்கும் முன் இன்றிரவே ஒன்று செய்து பார். சைபர்பங்க் 2077 போன்ற விளையாட்டுகளில் எஃப்எஸ்ஆர் என்று ஒரு அமைப்பு இருக்கும். சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும். உன் 1050 டிஐயிலும் வேலை செய்யும். அதை குவாலிட்டியில் வைத்து, டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கு. அதுவே இந்த வருஷத்துக்குப் போதும் என்று தோன்றினால் ராம் மட்டும் வாங்கிக்கொண்டு பணத்தை அடுத்த பெட்டிக்கு வை. எனக்கு அதில் இன்னும் சந்தோஷம்.

போதாது என்று தோன்றினால், எஸ்எம்பிஎஸ் லேபிளையும், இப்போதைய கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பளிச்சென்று இரண்டு படம் எடுத்து அனுப்பு. உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் இறங்கட்டும். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வை, போன முறை ஒன்று காணாமல் போய் நாம் கட்டிலுக்கு அடியில் தேடினோம்.

அன்புடன்,
மாமா