மூட்டு முடக்குவாதமும் இரத்தக் குழாய்களின் நலமும்

மூட்டுகளில் வலியும் வீக்கமும் தோன்றினால், அதனை முதுமையின் குறையென்றோ குளிர்காற்றின் விளைவென்றோ எண்ணி, தைலம் தேய்த்துக் காலங் கடத்துவது நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். மூட்டு நோய் நடமாட்டத்தைக் குறைக்குமேயன்றி உயிருக்கு ஊறு செய்யாது என்னும் நம்பிக்கையே இவ்வழக்கத்திற்கு அடிப்படை. மூட்டு நோய்களுள் ஒன்றான முடக்குவாதத்தைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை தவறானது. இந்நோயுற்றோருக்கு மாரடைப்பு முதலிய இருதய, இரத்தக் குழாய் நோய்கள் உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதி என மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மூட்டைக் கெடுக்கும் அழற்சி இரத்தக் குழாயையும் எவ்வாறு கெடுக்கிறது என்பதும், மூட்டு நோயைக் காலத்தில் அடக்குவது இருதயத்தையும் காக்கும் வழியாவது எங்ஙனம் என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

நோயின் இயல்பு

உடலுக்குள் புகும் கிருமிகளை எதிர்த்தழிப்பது நோயெதிர்ப்புச் சக்தியின் பணியாகும். முடக்குவாதத்தில் இச்சக்தி நெறி தவறி, சொந்த உடலின் மூட்டுகளையே பகையெனக் கொண்டு தாக்குகிறது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு வீங்கித் தடிக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. பெரும்பாலும் கைவிரல்கள், மணிக்கட்டு, பாதங்கள் ஆகியவற்றின் சிறு மூட்டுகள் இருபுறமும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. ஆடவரைவிடப் பெண்டிரிடையே இந்நோய் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது.

ஹரியாணாவில் பல்லப்கர் வட்டாரத்துக் கிராமங்களில் நடத்தப்பெற்று 1993ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அதாவது, ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர்.

பெயரொற்றுமையால் விளையும் குழப்பம் ஒன்றை இங்கே நீக்குதல் வேண்டும். பள்ளிச் சிறுவர்களுக்குத் தொண்டை நோயை அடுத்து வரும் வாதக் காய்ச்சல் வேறு. அது இருதயத்தின் வால்வுகளைத் தாக்குவது. முதியோருக்கு முழங்கால் தேய்வதால் உண்டாகும் மூட்டு நோயும் வேறு. இக்கட்டுரை கூறும் முடக்குவாதம் இவ்விரண்டிலும் சேராதது.

இரத்தக் குழாயின் உட்படலம்

இரத்தக் குழாய் என்பது நீரை ஏந்திச் செல்லும் இரும்புக் குழாய் போன்ற உயிரற்ற பொருளன்று. அதன் உட்சுவரை ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான படலம் ஒன்று போர்த்தியுள்ளது. தேவைக்கேற்பக் குழாயை விரியச் செய்வதும், இரத்தம் வீணே உறையாமற் பார்த்துக்கொள்வதும் இப்படலத்தின் வேலைகள். இதற்கென அது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை நுண்ணிய அளவில் சுரக்கிறது. இவ்வுண்மையைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, மூராட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கும் 1998ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டிலிருந்து, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பல வெளிப்படுகின்றன. டி.என்.எப்., இன்டர்லூக்கின்-6 என்பவை இவற்றுள் முக்கியமானவை. இவை மூட்டோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகின்றன. இவற்றின் தாக்குதலால் உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு குறைகிறது. குழாய் விரியும் திறனை இழக்கிறது. வழுவழுப்பாக இருந்த படலம் வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ளத்தக்கதாக மாறுகிறது. ஒட்டிய வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைந்து, அங்குள்ள கொழுப்பை விழுங்கித் தாமும் தங்கிவிடுகின்றன. இவ்வாறு உருவாகும் கொழுப்புத் திட்டு, அழற்சி நீடித்தால் மேல்மூடி மெலிந்து வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. இருதயத்தின் குழாயில் இது நிகழ்ந்தால் மாரடைப்பு. மூளையின் குழாயில் நிகழ்ந்தால் பக்கவாதம்.

கொலஸ்டிராலின் அளவு காட்டும் மயக்கம்

இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைவாயிருப்பின் இருதயத்திற்கு அச்சமில்லை என்பது பொதுவான கருத்து. முடக்குவாதத்தில் இக்கருத்து ஏமாற்றிவிடக் கூடும். நோய் மும்முரமாக இருக்கும்போது அழற்சியின் காரணமாகவே கொலஸ்டிராலின் அளவு இறங்குகிறது. ஆயினும் அபாயம் குறைவதில்லை. சிகிச்சையால் நோய் தணியும்போது அவ்வளவு சற்றே ஏறுவதுமுண்டு. ஆகவே, நோய் மும்முரமாக உள்ள காலத்தில் எடுத்த ஒரு பரிசோதனைச் சீட்டில் கண்ட குறைந்த எண்ணை மட்டும் கொண்டு நிம்மதி அடைதல் கூடாது. அழற்சி தணிந்த நிலையில் எடுக்கப்படும் அளவே நம்பத்தக்கது.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் மருந்தைச் செலுத்தினார். படுக்கையில் கிடந்தோர் சில நாட்களில் எழுந்து நடந்தனர். 1950ஆம் ஆண்டில் அவருக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், நெடுநாள் உட்கொண்டால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுதல், எலும்பு மெலிதல் முதலிய கேடுகள் இம்மருந்தால் விளையும் என்பது விரைவில் புலனாயிற்று.

நிலையான பயன் தந்த மருந்தின் வரலாற்றில் இந்தியர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1895ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அப்பணியிலிருந்தே ஃபோலிக் அமிலத்திற்கு எதிராகச் செயற்படும் அமினோப்டெரின், மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்துகள் பிறந்தன. முதலில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அமினோப்டெரின், 1951ஆம் ஆண்டில் முடக்குவாதத்திலும் பயன் தருவதாக அறிவிக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மெதோட்ரெக்ஸேட்டை இந்நோய்க்கு அங்கீகரித்தது. இன்றும் உலகெங்கும் பெரும்பாலோருக்கு முதலில் கொடுக்கப்படுவது இதுவே. இதன் விலையும் குறைவு.

இதையடுத்து, டி.என்.எப். புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் தோன்றின. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், மார்க் பெல்ட்மனும் 1992ஆம் ஆண்டில் லண்டனில் இவற்றை முதன்முதலாக முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்து வெற்றி கண்டனர். மறைந்திருக்கும் காசநோயை இவை கிளப்பிவிடக் கூடுமாதலால், அந்நோய் உள்ளதா என ஆராய்ந்த பின்னரே இவற்றைத் தொடங்குவர்.

மூட்டு மருந்தும் இருதயமும்

அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1,240 முடக்குவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மெதோட்ரெக்ஸேட் உட்கொண்டோரிடையே இருதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்த மரணம், அதனை உட்கொள்ளாதோரிடையே நேர்ந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் குறைவாயிருந்தது. மருந்தையும் மாற்றுப் பொருளையும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்து நடத்திய சோதனையன்று இது. எனவே இவ்வெண்ணை அப்படியே மருந்தின் பயனாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் அது காட்டிய திசை முக்கியமானது.

அவ்வாறாயின் இம்மருந்தை எல்லா இருதய நோயாளிகளுக்கும் கொடுக்கலாமே என்னும் வினா எழுந்தது. இருதய நோயுள்ள 4,786 பேரிடம் குறைந்த அளவு மெதோட்ரெக்ஸேட் சோதிக்கப்பட்டது. இவர்கள் முடக்குவாதத்திற்காகச் சிகிச்சை பெறுவோர் அல்லர். 2018ஆம் ஆண்டு இறுதியில் வெளியான முடிவின்படி, அவர்களுடைய இரத்தத்தில் அழற்சியின் அறிகுறிகளும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. இதிலிருந்து பெறும் பாடம் யாதெனில், மெதோட்ரெக்ஸேட் இருதயத்திற்கென்று அமைந்த மருந்தன்று. முடக்குவாதத்தின் அழற்சியை அது அடக்கும் இடத்திலேதான் அதனால் இரத்தக் குழாய்க்கு நன்மை எதிர்பார்க்கலாம்.

வலியை அடக்கும் மருந்துகளின் நிலை வேறு. அவை வலியை மறைக்கின்றன, எலும்பரிப்பைத் தடுப்பதில்லை. டைக்ளோபினாக் போன்றவற்றை நெடுநாள் உட்கொண்டால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கேடு, மாரடைப்பு ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. ரோபெகாக்ஸிப் என்னும் வலிநீக்கி இருதயக் கேட்டின் பொருட்டே 2004ஆம் ஆண்டில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. புதிய மாத்திரையான டோபாசிட்டினிப், இருதய அபாயக் காரணி ஒன்றேனும் உள்ள, 50 வயதைக் கடந்த 4,362 நோயாளிகளிடம் டி.என்.எப். தடுப்பு மருந்துகளோடு ஒப்பிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மாரடைப்பு முதலிய பெருங்கேடுகள் டோபாசிட்டினிப் பெற்றோரில் 3.4 சதவீதத்தினருக்கும், மற்றவரில் 2.5 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. எனவே மருந்தைத் தேர்ந்தெடுத்தல் மருத்துவருக்கே உரியது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

கிராமங்களில் மக்களோடு பழகும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இந்நோயைத் தொடக்கத்திலேயே ஐயுற முடியும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் அரை மணி நேரத்திற்கு மேல் விறைத்திருத்தல், சிறு மூட்டுகள் இருபுறமும் வீங்குதல், கைகுலுக்கும்போது விரலடி மூட்டுகளில் வலித்தல், இவை ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தல் ஆகியவை குறிகளாம். இத்தகையோரைத் தாமதமின்றி மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புதல் வேண்டும். முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சையே மிகுந்த பயன் தரும்.

சிகிச்சை பெறுவோருக்குப் பின்வருவனவற்றை எடுத்துரைத்தல் நலம்:

1. முடக்குவாதத்திற்கு மெதோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எழுதப் படிக்க அறியாதோருக்கு அந்நாளை நாட்காட்டியில் குறித்துக் கொடுக்கலாம்.

2. கருவுற்றோரும் கருவுற விரும்புவோரும் இம்மருந்தை உட்கொள்ளலாகாது. மதுவை விலக்குதல் வேண்டும். மருத்துவர் கூறும் இரத்தப் பரிசோதனைகளைத் தவறாமற் செய்துகொள்ளுதல் வேண்டும்.

3. ஒரே நாளில் வலி தீர்க்கும் பெயரற்ற பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டெராய்டு கலந்திருக்கக் கூடும். அவற்றை வாங்கலாகாது. நெடுநாள் உட்கொண்டு வருவோர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் கூறியே குறைத்தல் வேண்டும்.

4. புகைபிடித்தல் மூட்டு நோயையும் இரத்தக் குழாய் நோயையும் ஒருங்கே வளர்ப்பது, அறவே விலக்கத்தக்கது.

5. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் ஆகியவற்றைக் குறித்த காலங்களில் அளந்து பார்த்தல் வேண்டும்.

6. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், காரணமற்ற வியர்வை ஆகியவை தோன்றின், அவற்றை மூட்டு வலியின் தொடர்ச்சியென எண்ணாமல் உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

விரல் மூட்டில் தோன்றும் வீக்கம் கண்ணுக்குப் புலனாவது. இரத்தக் குழாயில் நிகழும் கேடு புலனாகாதது. புலனாவதைக் கொண்டு புலனாகாததை உணர்ந்து, உரிய காலத்தில் நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பித்தால், ஒரு கையின் உழைப்பு மட்டுமன்றி ஓர் உயிரும் காக்கப்படக் கூடும்.