குறுக்கே நிற்பதும் ஒரு வேலைதான்
(ரோபோ போட்டியில் தடுத்து ஆடுவது எப்படி?)



அறிவியல் மன்றத்திலிருந்து நாங்கள் நாலு பேர் ரோபோ போட்டிக்குப் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். வந்த மறுநாள் பலபேர் என்னிடம், "நீ எத்தனை கட்டை வச்சே?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் வைக்கல்ல, தடுத்தேன்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை.

ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற மனுஷன் மாதிரி நினைக்க வேண்டாம். எங்கள் ரோபோ நாலு சக்கரம் வைத்த ஒரு வண்டி. ஒரு பேட்டரி, நாலு மோட்டார், முன்னால் கட்டையைத் தள்ள ஒரு தகரம். கைபேசியில் விரல் வைத்து ஓட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு வண்டி. களம் 12 அடிக்கு 12 அடி. ஒரு முனையில் சோப்பு டப்பா அளவு மரக்கட்டைகள் கிடக்கும். அதை ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டு போய் மறு முனையில் இருக்கிற நம் கட்டத்துக்குள் வைத்தால் ஒரு புள்ளி. நேரம் 2 நிமிடம். எதிரி வண்டியைத் தொட்டுத் தள்ளலாம். ஓடிவந்து மோதி உடைக்கக் கூடாது. அவர்கள் கட்டத்துக்குள் போய்விட்ட வண்டியைத் தொடவே கூடாது.

எங்களிடம் ஒரு வண்டி புதுசு, ஒன்று பழசு. புதுசைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய வண்டிக்குப் பேட்டரி பலமில்லை, நொண்டி நொண்டிப் போகும். "இது உனக்கு. சும்மா குறுக்க நிறுத்து, போதும்" என்றார்கள். அன்று எனக்கு அழுகை வந்தது. வண்டிகளைச் செய்து தந்த என் பெரியம்மா மகன் அண்ணன்தான் (பொறியியல் படிக்கிறாவ) ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாவ.

கணக்கு இதுதான். நல்ல வேகமான வண்டி ஒரு கட்டையைக் கொண்டு வைத்துத் திரும்பிவர 12 வினாடி ஆகும். 120 வினாடியில் 10 கட்டை. என் வண்டிக்கு ஒரு கட்டைக்கு 40 வினாடி. நான் முழுநேரமும் கட்டை தள்ளினாலும் 3தான். ஆனால் அந்த வேகமான வண்டியை ஒவ்வொரு தடவையும் 8 வினாடி மட்டும் தாமதப்படுத்தினால்? 12 என்பது 20 ஆகும். 120 வினாடியில் 6 கட்டைதான் வைக்க முடியும். அவர்களுக்கு 4 புள்ளி போச்சு. 3 சம்பாதிப்பதைவிட 4 குறைப்பது லாபம். என் வண்டி நன்றாக ஓடி 5 கட்டை வைக்குமென்றால் தடுக்கப் போகக் கூடாது, அது நஷ்டம். தடுப்பது எப்போதும் நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, யாரைத் தடுப்பது? அவர்களிடமும் ஒரு மெதுவான வண்டி இருக்கும். அதைத் தடுப்பது சுலபம் என்பதால் கை அங்கேதான் போகும். 40 வினாடி வண்டியை 8 வினாடி தாமதப்படுத்தினால் 48. அப்போது 3 கட்டைக்குப் பதில் 2 வைக்கும், அவ்வளவுதான். வேகமான வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஆடுகிற முந்தின ஆட்டத்தைப் பார்த்து எண்ணி வைக்க வேண்டும். நான் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன்.

முதல் நாள் பயிற்சி எங்கள் வீட்டு முற்றத்தில், ரப்பர் ஷீட் காயப்போடுகிற இடத்தில் நடந்தது. அண்ணன் புது வண்டியை ஓட்ட, நான் அதன் பின்னாலேயே விரட்டினேன். ஒரு தடவைகூடத் தொட முடியவில்லை. திண்ணையில் இருந்த பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தாவ. கடைசியில், "ஏட்டி, கோழிக்க பொறத்த ஓடினா கோழி கிட்டுமா? கூட்டுக்க வாசல்ல போய் நில்லு" என்றாவ. ரோபோவைப் பற்றி பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் படித்த முதல் பாடம் அதுதான். வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கூடாது, எங்கே போகப் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வண்டிக்கும் அதன் கட்டத்துக்கும் நடுவில், கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் போதும். அது பெரிய வட்டம் போட்டு ஓடினாலும் நான் ஒரு சாண் நகர்ந்தால் மறுபடியும் குறுக்கே வந்துவிடுவேன். மெதுவான வண்டி வேகமான வண்டியைத் தடுக்க முடிவது இதனால்தான்.

ஆனால் அசையாமல் நிற்கவும் கூடாது. நின்ற வண்டியைச் சுற்றிப் போவது சுலபம். முன்னும் பின்னும் லேசாய் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கபடியில் ஓரத்தில் நிற்கிறவர்கள் பாடி வருபவரைப் பார்த்துக் காலை மாற்றி மாற்றி வைப்பார்களே, அதுபோல. பாடி வந்தவர் யாரையும் தொடாமல் வெறுங்கையோடு திரும்பினால் நமக்குப் புள்ளி ஏறாது. ஆனால் 30 வினாடி அவர்களுக்கு வீண்தானே.

கட்டையோடு வரும்போது தடுப்பதா, வெறுமனே திரும்பும்போது தடுப்பதா? கட்டையோடு வரும்போது. கட்டை முன்னால் இருந்தால் அந்த வண்டி சட்டென்று திரும்ப முடியாது, திரும்பினால் கட்டை நழுவிவிடும். வெறும் வண்டி மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

இனி கொஞ்சம் அறிவியல். நேருக்கு நேர் தள்ளினால் யாருக்குச் சக்கரப் பிடிப்பு அதிகமோ அவர்தான் ஜெயிப்பார். பிடிப்பு என்பது உராய்வு. சக்கரத்தின்மேல் எடை கூடினால் உராய்வும் கூடும். அதனால் எடை வரம்புக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இரும்புத் துண்டை வண்டியின் அடியில் கட்டினோம். அடியில்தான் கட்ட வேண்டும், மேலே கட்டினால் வண்டி குடைசாயும். சக்கரத்தில் வீட்டு ரப்பர் ஷீட்டைக் கீறிச் சுற்றினோம். தூசி ஒட்டினால் பிடிப்பு போய்விடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஈரத்துணியால் துடைத்தோம்.

நேரே தள்ள முடியாதவரைப் பக்கத்தில் தள்ளலாம். சக்கரம் முன்னும் பின்னும்தான் உருளும். பக்கவாட்டில் தள்ளினால் எதிரியின் மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் நம்மை எதிர்த்துத் தள்ள முடியாது. அதிலும் நடுவில் தள்ளாமல் பின் மூலையில் தள்ளினால் வண்டி அப்படியே திரும்பிவிடும். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் வைத்தாலே திறக்கும். இதற்குத் திருப்புத்திறன் என்று பெயர், பத்தாம் வகுப்பில் வரும் என்று அறிவியல் டீச்சர் சொன்னாவ. திரும்பிய வண்டியை நேராக்கிக் கட்டையைத் தேடிப் பிடிப்பதற்குள் என் 8 வினாடி கிடைத்துவிடும்.

தள்ளியும் அசையவில்லையென்றால் உடனே விட்டுவிட வேண்டும். சக்கரம் சுற்றாமல் நின்றுகொண்டு தள்ளும்போதுதான் மோட்டார் மிக அதிகமான மின்சாரத்தை இழுக்கும். சூடாகும், பேட்டரி இறங்கிவிடும். என் வண்டி ஒரு பயிற்சியில் இப்படித்தான் பாதியில் படுத்துவிட்டது.

ஓட்டுகிறவருக்கு ஒரு கஷ்டம் உண்டு. வண்டி நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். இடப்பக்கம் அழுத்தினால் நம் கண்ணுக்கு வலப்பக்கம் போகும். தடுக்கிற வண்டி பாதி நேரம் நம்மைப் பார்த்துத்தான் நிற்கும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குள் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். மூன்று வாரம் ஆனது பழக.

இந்த ஆட்டம் உலகத்தில் எங்கே தொடங்கியது என்று அண்ணனிடம் கேட்டேன். அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989ல் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளி விளையாட்டுக்கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. அதில் ஆடுகிறவர்கள் பள்ளி மாணவர்கள். பக்கத்துக்கு மூன்று ரோபோ. 2025 போட்டியில் ஒரு ரோபோவின் எடை வரம்பு 115 பவுண்டு, அதாவது சுமார் 52 கிலோ. என்னைவிட அதிகம்! சுற்றிலும் மெத்தை மாதிரி தடுப்பு கட்டியிருப்பார்கள், இடித்தாலும் உடையாமல் இருக்க.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆசிய பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்களுக்கான ரோபோகான் போட்டி 2002ல் டோக்கியோவில் தொடங்கியது. 2022ல் அதை டெல்லியில் நடத்தினார்கள். அந்த வருஷத்து ஆட்டம் என்ன தெரியுமா? லகோரி. நாம் ஓட்டுச்சில்லை அடுக்கிப் பந்தால் அடித்துக் கலைத்து, மறுபடி அடுக்க ஓடுவோமே, அதேதான்! ஒரு அணியின் ரோபோ கலைந்ததை அடுக்கும், அடுத்த அணியின் ரோபோ பந்தெறிந்து அதைத் தடுக்கும். தடுப்பதும் அங்கே ரோபோவுக்கு ஒரு வேலை. இதைக் கேட்டபிறகுதான் பழைய வண்டிமேல் எனக்குப் பாசம் வந்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். எதிரி வண்டியை மூலையிலோ சுவரிலோ நகரவிடாமல் அமுக்கி வைத்தால் நடுவர் எண்ணத் தொடங்குவார். அமெரிக்கப் போட்டியில் 2024ல் இந்த எண்ணிக்கை 5 வினாடி, 2025ல் 3 வினாடியாகக் குறைத்தார்கள். அமுக்கியவர் ஆறடி விலகிப் போனால் விட்டதாகக் கணக்கு. எங்கள் போட்டியிலும் 5 வினாடிதான், மீறினால் எதிரிக்கு 2 புள்ளி. இது நியாயமான விதி. இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே மூலையில் அமுக்கி இரண்டு நிமிடமும் அப்படியே நின்றுவிடலாமே, பார்க்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள்.

அரையிறுதி ஆட்டம். எங்கள் புது வண்டி 9 கட்டை வைத்துவிட்டது. எதிரியின் வேகமான வண்டி முந்தின ஆட்டத்தில் 10 வைத்தது. இதில் நான் குறுக்கே நின்றதால் 5தான் வைத்திருந்தது. அவர்களுடைய மெதுவான வண்டி 3. ஆகமொத்தம் 8. நாங்கள் 9. இன்னும் 15 வினாடி இருந்தது. அந்த வேகமான வண்டி கட்டையோடு மூலைப்பக்கம் வந்து மாட்டியது. நான் அமுக்கினேன். நடுவர் எண்ணுவது காதில் விழுந்தது. நாலு என்றபோது விட்டுப் பின்னால் போக வேண்டும். இப்போது விட்டால் கட்டையை வைத்துவிடுமே என்று கை வரவில்லை. ஐந்து. விசில். 10க்கு 9, தோற்றோம்.

விட்டிருந்தால் ஒரு கட்டை வைத்திருக்கும். அப்போதும் 9க்கு 9, சமம்தான். இந்தக் கணக்கு எனக்கு அங்கே தோன்றவில்லை, பேருந்தில் குலசேகரம் வந்து சேர்ந்தபிறகுதான் தோன்றியது. பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு அவர்களில் ஒருவன் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "10, 5 ஆயிருக்கே. நீ இல்லாட்டி நாம 13க்கு 9ல தோத்திருப்போம்" என்றான்.

இப்போது பயிற்சியில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நான் அமுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் சத்தமாக எண்ண வேண்டும். மூன்று என்றதும் நான் விட்டுவிடுவேன். விட்டுப் பின்னால் போய், மறுபடி அதன் கட்டத்துக்கு முன்னால் நிற்பேன். விடுபட்ட வண்டி அவசரத்தில் கட்டையை நழுவவிடுவதை மூன்று தடவை பார்த்தாகிவிட்டது.

பழைய வண்டிக்குப் புதுப் பேட்டரி போட்டாயிற்று. சனிக்கிழமை பத்து மணிக்கு அறிவியல் அறையில் பயிற்சி. ஓட்டத் தெரியாதவர்களும் வரலாம், எண்ணுவதற்கு ஆள் வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றம், திற்பரப்பு