பர்சிலா ஏன் அரமனைக்குப் போகவில்லை?

வேதபாடம்: 2 சாமுவேல் 19:31-40



கீலேயாத்தியனாகிய பர்சிலாவுக்கு வயது 80. அப்சலோமுக்குத் தப்பி வந்த தாவீதை மக்னாயீமில் பராமரித்தவர். யுத்தம் முடிந்ததும் ராஜா அவரை எருசலேமுக்குக் கூப்பிடுகிறார். அவரோ மறுக்கிறார். சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாட்டு காதில் விழவில்லை. தாய் தகப்பனை அடக்கம்பண்ணின ஊரிலேயே சாக ஆசைப்படுகிறார். தாவீது வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு, ஆசீர்வதித்து வழியனுப்பினார்.

நாம் என்ன செய்கிறோம்? ஊரிலிருக்கிற அம்மாவைக் கேட்காமலே பட்டணத்துக்குக் கூட்டிவருகிறோம். மூன்றாவது மாடி, தனி அறை, டிவி எல்லாம் உண்டு; பேசத்தான் ஆளில்லை. வீடு சந்திப்புக்குப் போகும்போது பார்க்கிறேன், ஜெபித்து முடித்தாலும் கையை விடமாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போங்க பாஸ்டர்" என்பார்கள்.

தனிமை சரீரத்தையும் தாக்கும். இருதய நோய், பக்கவாதம், மறதி நோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. பெற்றோரைப் பராமரிக்க நம் தேசத்தில் 2007-ல் சட்டமே வந்தது. சட்டம் பணம் வாங்கித் தரும். பேச்சுத்துணை வாங்கித் தருமா?

அப்படியானால் ஊரிலேயே விட்டுவிடலாமா? அதுவும் போதாது. மோவாபில் புருஷனையும் இரண்டு குமாரரையும் இழந்த நகோமி, மனக்கசப்போடுதான் பெத்லகேமுக்குத் திரும்பினாள். ஊர் மட்டும் அவளைத் தேற்றவில்லை. விட்டுப்பிரியாத மருமகள் ரூத், வந்து விசாரித்த அயல்வீட்டுப் பெண்கள், மடியில் ஒரு பேரப்பிள்ளை. இவர்களைக்கொண்டே கர்த்தர் அவளைத் தேற்றினார். விதவையான அன்னாளையும் பாருங்கள் (லூக்கா 2:36-38). வயதாகிவிட்டது என்று தேவாலயத்தில் யாரும் அவளை ஓரங்கட்டவில்லை. உபவாசமும் ஜெபமும் அவளுக்கு ஊழியமாயிருந்தது.

ஆகவே, தேவ ஜனமே, இந்த வாரமே செய்யுங்கள்:

1. எங்கே இருக்க விருப்பம் என்று பெரியவர்களிடமே கேளுங்கள்.
2. குளியலறையில் கைப்பிடியும், ராத்திரி எரிய சின்ன விளக்கும் வையுங்கள்.
3. தினமும் அரைமணி நேரம் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.
4. படியேற முடியாதவர்கள் வீட்டிலேயே வீட்டு ஜெபக்கூட்டத்தை வையுங்கள். ஜெபக்குறிப்புகளை அவர்கள் கையில் கொடுங்கள்.

அவர்கள் முழங்காலில் நின்ற ஜெபத்தால்தான் இந்தச் சபை நிற்கிறது. அவர்கள் கடைசிவரை நம் நடுவில் சந்தோஷமாய் இருக்க, கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென். அல்லேலூயா!