தேநீர் நிறத்தில் ஒரு வெள்ளை ஒயின்

அன்புள்ள வாசகருக்கு,

பேர்போன பிரெஞ்சு ஒயின்களை விட்டு, அதிகம் பேசப்படாத ஊர்களின் வெள்ளை ஒயின்களைச் சுவைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஜார்ஜிய நாட்டு ஒயின் மட்டும் உங்களை ஏமாற்றிவிட்டது என்கிறீர்கள். தேநீர் நிறம், நாக்கில் துவர்ப்பு. கெட்டுப்போன சரக்கு என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அநேகமாக அது கெடவில்லை. அதன் இயல்பே அதுதான்.

வெள்ளை ஒயினுக்குப் பொதுவாகத் திராட்சையைப் பிழிந்ததும் தோலையும் விதையையும் நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். ஜார்ஜியாவின் கிழக்கிலுள்ள ககேதியில் பழைய வழக்கம் வேறு. க்வெவ்ரி என்பது கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய சுடுமண் தாழி; உட்புறம் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். சாறு, தோல், விதை, சில இடங்களில் காம்பு உட்பட எல்லாவற்றையும் அதில் கொட்டி, நொதிப்பு அடங்கியதும் மூடி, ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். சுற்றியுள்ள மண் தாழியைச் சூடேறாமல் காக்கும். நீங்கள் கண்ட நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலும் விதையும் கொடுத்தவை.

இது நேற்று வந்த மோஸ்தர் இல்லை. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய திராட்சை ஒயினின் தடயங்கள் கிடைத்ததாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோவியத் காலத்து ஆலைகள் அளவையே பெரிதாக நினைத்தபோதும், கிராமத்து வீடுகளின் தாழிகள்தாம் இந்த முறையைக் காப்பாற்றின. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்ட பிறகு வேறு சந்தைகளைத் தேட வேண்டி வந்தது. அந்த நெருக்கடி ஒருவகையில் நமக்கு நல்லதாயிற்று என்பேன்.

உண்மையில் கெட்ட ஒயினை மூக்கே சொல்லிவிடும்: காடி நெடி, அல்லது நனைந்த அட்டைப்பெட்டி வாடை. இரண்டும் இல்லையென்றால் சந்தேகத்தை விடுங்கள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடுங்குளிர் மணத்தை அமுக்கித் துவர்ப்பை முன்னே தள்ளும். 14 டிகிரி அளவு போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். ககேதிக்காரர்கள் அதைச் சாப்பாட்டோடுதான் குடிக்கிறார்கள். அக்ரூட் விழுது வைத்த கத்தரிக்காய், பாலாடைக்கட்டி ரொட்டி போன்ற கொழுப்புள்ள பண்டத்துக்குப் பக்கத்தில் அந்தத் துவர்ப்பு வாயைச் சுத்தமாக்கும்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் வேண்டுமா? கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில் விளையும் அசிர்டிகோ என்ற திராட்சையின் ஒயினைத் தேடுங்கள். எரிமலைச் சாம்பல் மண், கொஞ்சமே மழை, ஓயாத காற்று. கொடியைக் கூடைபோல் தரையோடு வளைத்து வளர்க்கிறார்கள். குலைகள் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஒயினில் எலுமிச்சைப் புளிப்பும் மெல்லிய உப்புக்கரிப்பும் இருக்கும்.

ககேதி ஒயினை மட்டும் ஒரே புட்டியோடு தள்ளிவிடாதீர்கள். மேற்கு ஜார்ஜியாவின் இமெரெதியில் தோலைக் குறைவாகவே சேர்க்கிறார்கள், துவர்ப்பும் குறைவு. அங்கிருந்து வரும் த்சோலிகௌரித் திராட்சை ஒயினில் நாக்கைப் பழக்கிக்கொண்டு ககேதியின் ர்காட்சிதெலித் திராட்சை ஒயினுக்குத் திரும்புங்கள். சுவைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்