கறிக்கடையில் கிலோவை மட்டும் சொல்லாதீர்கள்

தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் கறிக்கடைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அப்பா வெட்டுக்கட்டையருகே நிற்பார், மகன் எடை போடுவார், வீட்டுப் பெண்கள் குடலையும் தலையையும் சுத்தம் செய்வார்கள். சந்தையில் ஆட்டைத் தொட்டுப் பார்த்து வாங்கியவரே நமக்கு வெட்டியும் தருகிறார். அவருக்குத் தெரிந்ததில் கால்வாசியைக்கூட நாம் கேட்டுப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

1. என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். "அண்ணே, அரைக் கிலோ போடுங்க" என்பதற்கும் "அண்ணே, குழம்புக்கு அரைக் கிலோ" என்பதற்கும் கிடைக்கும் கறியே வேறு. ஆடு நடக்கவும் மேயவும் உழைக்கிற இடங்கள் கழுத்தும் முன்னங்காலும். அங்கே சவ்வு அதிகம். நிதானமாகக் கொதிக்கும்போது அந்தச் சவ்வு கரைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். சுக்கா வறுவலுக்குத் தொடைக்கறி, சாப்ஸுக்கு விலா, சூப்புக்கு நெஞ்செலும்பும் நல்லியும். பிரியாணி என்றால் தொடையும் முன்னங்காலும் நெஞ்சும் கலந்து, துண்டு பெரிதாகக் கேளுங்கள். தொடைதான் உசத்தி என்று எல்லாவற்றுக்கும் அதையே வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நெடுநேரம் கொதிக்கும் குழம்பில் தனித் தொடைக்கறி வறண்டு நார் நாராகப் போகும். கூடுதல் காசு கொடுத்து ருசியைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

2. வெள்ளாடா, செம்மறியா என்று தெரிய வாலைப் பாருங்கள். அதற்காகவே பல கடைகளில் தோல் உரித்த பிறகும் வாலை விட்டுவைத்துத் தொங்கவிடுகிறார்கள். வெள்ளாட்டின் வால் குட்டை, மேல்நோக்கி நிற்கும், அடிப்பக்கம் முடி இருக்காது. செம்மறியின் வால் கீழே தொங்கும். கிடா என்று காட்ட விதையையும் நீக்காமல் வைப்பார்கள். வாலை எடுத்துவிட்டிருந்தால் கொழுப்பு சொல்லிவிடும். செம்மறிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு படர்ந்திருக்கும். வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் உள்ளே, குண்டிக்காயைச் சுற்றித்தான் சேரும். செம்மறிக் கறி மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை போன்ற நல்ல செம்மறி இனங்கள் நம்மிடமே உண்டு. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. இளங்கறி வெளிர் சிவப்பாக இருக்கும், கொழுப்பு வெள்ளையாக இருக்கும். முற்றிய ஆட்டின் கறி அடர்சிவப்பு. தலை பக்கத்திலேயே இருந்தால் கீழ்ப்பல்லைக் காட்டச் சொல்லுங்கள். முன்பற்கள் எட்டும் சிறியனவாக இருந்தால் குட்டி. நடுவில் இரண்டு பெரிய பற்கள் வந்திருந்தால் வயது ஒன்றைத் தாண்டிவிட்டது.

4. மாநகராட்சி ஆட்டுத்தொட்டியில் கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்பும் கறியில் முத்திரை இருக்கும். சென்னையில் பெரம்பூர், சைதாப்பேட்டை, வில்லிவாக்கம் தொட்டிகளிலிருந்து கறி வருகிறது. முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒழுங்காகத் தொழில் செய்யும் குடும்பம் அதைப் பெருமையோடுதான் காட்டும்.

5. காந்தி ஜயந்தி, மகாவீர் ஜயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம் ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் இறைச்சிக் கடை கிடையாது. திருவள்ளுவர் தினம் தை 2, அதாவது மாட்டுப் பொங்கல். அன்றைக்கு விருந்தாளிகளை அழைத்துவிட்டுத் தவிக்காதீர்கள்.

6. கடைக்குப் பாத்திரம் கொண்டு போங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு போதும். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் காட்டிய பிறகு கறி போடச் சொல்லுங்கள்.

7. வெட்டிய சில மணி நேரத்தில் ஆட்டின் தசை விறைக்கும். அந்த நேரத்தில் சமைத்தால், எத்தனை விசில் விட்டாலும் கறி ரப்பராக இழுக்கும். ஒன்று, வெட்டிய சூட்டோடு வாங்கி உடனே அடுப்பில் ஏற்றுங்கள். கிராமத்துக் கிடா விருந்தில் கறி பதமாக இருப்பதற்கு இதுவும் காரணம். இல்லையென்றால் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து விறைப்பு தளர்ந்த பிறகு சமையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குச் சனிக்கிழமையே வாங்கிவிடுவதுதான் என் கருத்து. கடையிலும் கூட்டம் இருக்காது, அவருக்கும் பொறுமையாகத் துண்டு போட நேரம் இருக்கும்.

8. கறியை நெடுநேரம் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். வடிகிற சிவப்பு நீர் பெரும்பாலும் ரத்தம் அல்ல. தசையின் நிறப்பொருள் கலந்த நீர். அதைப் பிழிந்து பிழிந்து கொட்டினால் சுவையும் போகும். எலும்புத் தூள் போக, பாத்திரத்தில் நீர் விட்டு ஒருமுறை அலசினால் போதும். குழாயடியில் நேராகப் பிடித்தால் கிருமி மேடையெல்லாம் தெறிக்கும். மஞ்சள் தடவுவது நல்ல வழக்கம்தான், ஆனால் கிருமியைக் கொல்வது அடுப்பின் சூடு. கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் தக்காளியும் நறுக்க வேண்டாம்.

9. வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெயில் காலத்தில் அதுவும் அதிகம். ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, மூடிய பாத்திரத்தில், அடித்தட்டில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் ஒழுகி மற்ற உணவில் சேரும். துண்டுக்கறி மூன்று நாள் தாங்கும். ஈரலும் கொத்துக்கறியும் மறுநாளைத் தாண்டக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள்.

10. கொத்துக்கறிக்கு எலும்பில்லாத துண்டை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து, கண் முன்னால் கொத்தித் தரச் சொல்லுங்கள். கத்தியால் கொத்தியது இயந்திரத்தில் அரைத்ததைவிட உதிரியாக வரும்.

11. கறி முற்றியிருந்தால் பப்பாளிக்காயை அரைத்துக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தடவி அரை மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் கறி கூழாகிவிடும். பப்பாளி பிடிக்காதவர்களுக்குத் தயிரும் இஞ்சியும் உண்டு. வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

12. சுவரொட்டியும் ஈரலும் ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஈரலில் இரும்புச்சத்து நிறைய. அதோடு வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. யூரிக் அமிலத் தொந்தரவு உள்ளவர்களும் தள்ளி வைக்க வேண்டியது இவற்றைத்தான். ஈரலை நன்கு வேகவையுங்கள், ஆனால் வெந்ததும் இறக்கிவிடுங்கள். மேலும் வதக்கினால் கல்லாகும்.

13. குடலையும் போட்டியையும் சுத்தம் செய்யும் பெண்களின் கூலியில் பேரம் பேசாதீர்கள். வெந்நீர் ஊற்றி, சுண்ணாம்பு தேய்த்து, போட்டியின் கறுப்புத் தோலை உரித்து, குடலைத் திருப்பித் திருப்பிக் கழுவுவது முதுகு ஒடிகிற வேலை. வீட்டுக்கு வந்ததும் கல் உப்பும் மஞ்சளும் போட்டு இன்னொரு முறை அலசி, ஒரு கொதி விட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டு மசாலா சேருங்கள்.

14. கோடையில் கறி மீந்தால் உப்புக்கண்டம் போடலாம். எலும்பில்லாக் கறியை நீளவாக்கில் மெல்லிய கீற்றாக அரிந்து தரச் சொல்லுங்கள். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் புரட்டிக் கயிற்றில் கோத்து, மெல்லிய துணி போர்த்தி, சருகாகும்வரை நல்ல வெயிலில் காயவையுங்கள். மேகமூட்டமான நாளில் தொடங்கவே கூடாது.

15. காதுகுத்துக்கோ கிடா விருந்துக்கோ முழு ஆடு வாங்கும்போது, உயிர் எடையில் ஏறக்குறையப் பாதிதான் எலும்போடு சேர்த்துக் கறியாகக் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். 20 கிலோ ஆட்டில் 9 முதல் 10 கிலோ. தலை, கால், குடல் தனி. எத்தனை பேருக்குச் சமையல் என்பதைக் கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால், சந்தை நாளில் அவரே பார்த்துப் பிடித்து வருவார்.